சிரிக்கிற மூஞ்சிப் பக்கம்

எனக்கு வாய் ஜாஸ்தின்னு எங்க தெருவுக்கே தெரியும். ஜாக்கெட் தைக்கக் குடுக்க வர்றவங்க அளவ சொல்லிட்டு வாசலோடயே ஓடிப்போயிடுவாங்க. உக்காந்தா ஒரு மணி நேரத்த நான் பேசியே தின்னுடுவேன்னு பயம். அப்படிப்பட்ட நான், ஒரே ஒரு வார்த்தைய மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல வாயில வைக்கவே இல்ல. "பாப்பா எப்படி இருக்கா"ன்னு யாரு கேட்டாலும் "ஏதோ இருக்கா"ன்னுவேன். அவ எதிர்லயே தாண்டிக் குதிச்சுகினு இருப்பா. அப்பவும் "ஏதோ இருக்கா"தான்.

இது நான் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. எங்க பக்கத்துல பெத்த புள்ளையப் பத்தி யாரும் வாய்விட்டு நல்லதா சொல்ல மாட்டாங்க. புள்ள கொழுகொழுன்னு இருந்தா, "ஒண்ணும் திங்கவே மாட்டேங்குது"ன்னு அலுத்துக்குவாங்க. பரீட்சையில முதல் மார்க்கு வாங்கிட்டா, "ஏதோ பாஸாயிட்டான்". கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. இதுல படிச்சவ, படிக்காதவங்கிற வித்தியாசமெல்லாம் கிடையாது. நான் பன்னெண்டாவது முடிச்சவ.

என் பொண்ணுக்கு ஆறு வயசுல முட்டி வீங்குச்சு. காலைல எழுந்திரிச்சா கால மடக்க முடியாது, மடக்கினா நீட்ட முடியாது. செவுத்தப் புடிச்சுகினு நடப்பா. பத்து மணிக்கு மேல அதே புள்ள தெருவுல ஓடும். இஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்னு நானே ரெண்டு அடி வெச்சிருக்கேன். அத நெனச்சா இப்பவும் என் கைய நானே ஒடிச்சுக்கலாம் போல இருக்குது.

சுளுக்கு எடுத்தோம், எண்ணெ தேச்சோம். வளர்ற புள்ளைக்கு வர்ற வலின்னு சொன்னாங்க, அதையும் நம்பினோம். ஒரு வருஷம் போன அப்பால ஒரு டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, மூட்டு வாதம்னாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. "அது கெழவிங்களுக்கு வர்றது இல்லீங்களா"ன்னேன். அவரு சிரிக்கல. "கொழந்தைங்களுக்கும் வரும்மா. இது வேற வகை. ரொம்ப நாளைக்கு மருந்து சாப்புடணும்"னு சொல்லி, ஒரு ஆஸ்பத்திரிக்கு சீட்டு எழுதிக் குடுத்தாரு. அங்க மாசத்துல ஒருநாளு, புள்ளைங்க மூட்டுக்குன்னே படிச்ச டாக்டரம்மா வருவாங்களாம். எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் கேக்காதீங்க. சொன்னா அதுக்கும் கண்ணு பட்டுடும்.

அங்க குடுத்தது குருணை அளவுக்கு மஞ்ச மஞ்சன்னு ஒரு மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாளுதான் போடணும். அங்க இருந்த சிஸ்டரம்மா என்ன நிக்க வெச்சு, "எந்த கெழம?"ன்னு கேட்டாங்க. "புதங்கெழம." "தெனம் குடுப்பியா?" "மாட்டேங்க." "எந்த கெழம?" இப்படியே மூணு தடவ. பாடம் ஒப்பிச்ச மாதிரி ஒப்பிச்சப்பறம்தான் மாத்திரைய கையில குடுத்தாங்க. புதங்கெழம போட்டா வியாழக்கெழம பூரா புள்ளைக்கு குமட்டல், வாந்தி. கொஞ்ச நாள்ல மஞ்சக் கலரப் பாத்தாலே அவளுக்கு ஓங்கரிக்க ஆரம்பிச்சுடுச்சு. பருப்பு சோறக்கூட தள்ளி வெச்சுடுவா.

ஆனா மருந்து கேட்டுச்சு. நாலே மாசத்துல வீக்கம் வத்திப் போச்சு. அந்த சமயம் பாத்து களமருதூர்ல, எங்க வூட்டுக்காரரோட தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்து. பந்தல சுத்தி சுத்தி எம் பொண்ணு ஓடுறா. பந்தில உக்காந்திருந்த ஒரு அம்மா, "ஒம் பொண்ணுக்கு இன்னாவோ மூட்டு நோவுன்னாங்க, இந்த ஓட்டம் ஓடுது?"ன்னாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம். சோத்துல கைய வெச்சுகினு, பந்தி பூரா கேக்குற மாதிரி, "சுத்தமா சரியாயிடுச்சுங்க. பந்தயத்துல உட்டா இவதான் ஜெயிப்பா"ன்னு சொன்னேன்.

மூணாம் நாளு காலைல முட்டி தேங்கா கணக்கா வீங்கியிருந்துச்சு.

என் வாயில நானே அடிச்சுகினேன், புள்ள பாக்கப் பாக்க. உப்பு மொளகா சுத்தி அடுப்புல போட்டேன். கொஞ்சங்கூட நெடி வரல. நெடி வரலன்னா கண்ணுதான், அதுல சந்தேகமே இல்ல. டாக்டரம்மாகிட்ட போனதுக்கு, "இது ஏறி எறங்குற நோய்ம்மா. நடுவுல இப்படி வரும், போகும்"னாங்க. அது அவங்க கணக்கு. யாரு வாயால வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?

அன்னிக்கே பொண்ண உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தேன். "யாரு கேட்டாலும் வலிக்குதுன்னு சொல்லு. நல்லாருக்குன்னு வாயால சொல்லிடாத." அவ தலையாட்டினா. ஒரு தடவ சொன்னா புடிச்சுக்குற புள்ள அது. அப்படின்னு சொல்றதுக்கே எனக்கு இப்ப நாக்கு கூசுது.

அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல மாசாமாசம் நாங்க ஒரு கூட்டம் சேருவோம். உளுந்தூர்பேட்டைல ரோட்டோரமா டிபன் கடை வெச்சிருக்குற ஒரு அக்கா, பொண்ண இட்டுகினு வருவாங்க. கல்வராயன் மலையில சாமை வெதைக்கிற ஒரு அண்ணன், பையன இட்டுகினு எறங்கி வருவாரு. மத்தவங்களும் இருப்பாங்க. ஆனா எங்க மூணு பேருக்குத்தான் ஒரே பெஞ்சு. அங்க நடக்குற பேச்ச நீங்க கேக்கணும். ஊரு ஒலகத்துல எல்லாரும் எம்புள்ள ஒசத்தி, உம்புள்ள ஒசத்தின்னு போட்டி போடுவாங்க. நாங்க தலைகீழு.

"எம் பொண்ணு ராத்திரியில தூங்கறதே இல்ல"ன்னு அக்கா ஆரம்பிப்பாங்க.

"உங்க பொண்ணாச்சும் உக்காருது. எம்புள்ளைக்கு உக்காரவும் முடியல"ன்னு நான் போடுவேன். அவ அந்த நேரத்துல பெஞ்சுக்கு அடியில மண்டிபோட்டு, அக்கா பொண்ணு கூட சேந்து காச சுண்டி வெளையாடிகினு இருப்பா.

மலைக்கார அண்ணன் அதிகம் பேசமாட்டாரு. அவரு பையன் ஜன்னல் கம்பியப் புடிச்சு ஆளுயரத்துக்கு ஏறிடுவான். "எறங்குடா"ன்னு ஒரு அதட்டல் போட்டுட்டு எங்க பக்கம் திரும்பி, "நடக்கவே முடியலம்மா இவனால"ன்னுவாரு. நாங்களும் "அய்யோ பாவம்"னு உச்சுக் கொட்டுவோம். ஒருத்தருக்கும் சிரிப்பு வராது. ஏன்னா எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

இப்படி போய்கினு இருந்தப்போ ஒருநாளு சிஸ்டரம்மா ஆளுக்கு ரெண்டு பேப்பர் குடுத்தாங்க. முதல் பேப்பர்ல ஒரு நீட்டுக் கோடு. பூஜ்ஜியத்துல ஆரம்பிச்சு பத்துல முடியுது. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல சிரிக்கிற மூஞ்சி, பத்துக்குப் பக்கத்துல அழுவுற மூஞ்சி. போன வாரம் பூரா புள்ள எப்படி இருந்துச்சோ, அந்த எடத்துல பேனாவால ஒரு வெட்டு போடணும். "இத வெச்சுத்தான் டாக்டர் மருந்த ஏத்தறதா, எறக்கறதான்னு முடிவு பண்ணுவாங்க, பாத்துப் போடுங்க"ன்னாங்க.

நான் பேனாவ வெச்சுகினு யோசிச்சேன். உண்மைய சொன்னா சிரிக்கிற மூஞ்சி மேலயே போடணும். புள்ள அப்படித்தான் இருந்தா. ஆனா வாயால சொல்லக்கூடாதத கையால எழுதலாமா? வாயால சொன்னது காத்துல போயிடும். எழுதினது பைல்ல கெடக்கும். எத்தினி பேரு பாப்பாங்களோ, யாரு கண்ணு எப்படியோ. ஆறுல போட்டேன். அக்கா எட்டிப் பாத்துட்டு ஏழுல போட்டாங்க. அண்ணன் "எங்கம்மா போடணும்?"னு கேட்டாரு. "அழுவுற பக்கமா போடுங்கண்ணே, அதான் பத்திரம்"னேன்.

ரெண்டாவது பேப்பர் வேற. இந்த ஆஸ்பத்திரியில பாக்குற வைத்தியம் உங்களுக்கு திருப்தியான்னு கேள்வி. டாக்டர் நீங்க சொல்றத காது குடுத்துக் கேக்குறாங்களா, புரியிற மாதிரி சொல்றாங்களா, ரொம்ப நேரம் காக்க வெக்கிறாங்களான்னு ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு கட்டம். ரொம்ப திருப்தில ஆரம்பிச்சு, கொஞ்சங்கூட திருப்தியில்லன்னு முடியுது. இதுல யோசிக்க இன்னா இருக்குது? சோறு போட்ட வூட்டுல உக்காந்து உப்பு கம்மின்னா சொல்லுவோம்? எல்லாத்துக்கும் ரொம்ப திருப்தி. அக்காவும் அதேதான். மலைக்கார அண்ணன் ஒவ்வொரு கேள்விக்கும் அஞ்சு கட்டத்துலயும் டிக் போட்டு வெச்சிருந்தாரு. "இன்னாண்ணே இது"ன்னேன். "ஒண்ண மட்டும் போட்டா கொறச்சலா இருக்குமேம்மா"ன்னாரு.

டாக்டரம்மா நல்லவங்க. அத இங்க சொல்லிடறேன், அவங்க பெரியவங்க, கண்ணு படாது. மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்துகினு கால நீட்டுன்னு சொல்ற ஆளு இல்ல. தரையில சட்டுனு உக்காந்து, புள்ள கால எடுத்து மடியில வெச்சுகினு பாப்பாங்க. அன்னிக்கும் அப்படி உக்காந்து முட்டியத் தடவிப் பாத்துட்டு, பேப்பரப் பாத்தாங்க. "வீக்கம் பெருசா தெரியலையே. ஆனா ஆறுன்னு போட்டிருக்கீங்க. காலையில எவ்வளவு நேரம் கால் பிடிச்சுக்குது?"

உண்மையில ஒரு அஞ்சு நிமிஷம். அதுவும் எப்பவாச்சும். "அது ஒரு மணி நேரம் இருக்குங்க"ன்னேன்.

"காலையில நான் உங்க வீட்டுல இல்ல. நீங்க சொல்றதத்தான் நான் நம்பணும்"னு சொல்லிட்டு மாத்திரைய ஏத்திட்டாங்க. அடுத்த மாசம் அவ இன்னும் நல்லா ஆயிட்டா. நல்லா ஆக ஆக எனக்கு பயமும் ஜாஸ்தியாச்சு. அதனால ஏழுல போட்டேன். மாத்திரை இன்னும் ஏறிச்சு. வியாழக்கெழம மட்டும் இருந்த குமட்டல் வெள்ளிக்கெழமைக்கும் வந்துச்சு. டாக்டரம்மா அந்தவாட்டி பேனாவ மூடிட்டு என்ன நேராப் பாத்தாங்க.

"அடுத்த தடவையும் இப்படியே இருந்தா மெட்ராஸுக்கு எழுதித் தரேன். அங்க மாசாமாசம் படுக்க வெச்சு நரம்புல மருந்து ஏத்துவாங்க. நல்ல மருந்துதான். ஆனா எதிர்ப்பு சக்திய குறைக்கும், சளி காய்ச்சல் சீக்கிரம் புடிக்கும். தேவைப்பட்டாத்தான் குடுக்கணும். தேவைப்படுதுன்னுதான் எனக்குத் தோணுது."

பஸ்ல வரும்போது ஜன்னலப் பாத்துகினே எம் பொண்ணு, "ம்மா, படுக்க வெச்சா நீயும் கூடவே இருப்பியா? இல்ல வெளிய அனுப்பிடுவாங்களா?"ன்னா. இருப்பேன்டின்னேன்.

அந்த மாசம் நான் பட்ட பாடு இருக்கே, ரெண்டு பக்கமும் எரியிற கொள்ளிக்கு நடுவுல மாட்டுன எறும்புதான். உண்மைய போட்டா நோவு திரும்பி வந்துடும். போடாட்டி மெட்ராஸு. இவளோ, எங்க வூட்டுக்கு எதிர்ல இருக்குற புளிய மரத்துல ஏறி பிஞ்சு பறிக்கிறா. சம்மணம் போட்டு உக்காந்து சாப்புடுறா. குந்திகினு கோலத்துக்கு கலர் போடுறா. இதெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு முன்ன நான் சாமிகிட்ட கேட்டு அழுத வரம். கண்ணால பாத்து சந்தோஷப்படக்கூட எனக்கு தைரியம் வரல. பாத்தும் பாக்காத மாதிரி தையல் மெஷின ஓட்டுவேன்.

எங்க வூட்டுக்காரரு கரும்பு டிராக்டர் ஓட்டுறவரு. கண்ணாவது, மண்ணாவதுன்னு வெளிய வீராப்பா பேசுவாரு. "அப்ப இந்தவாட்டி நீங்க வந்து டாக்டரம்மாகிட்ட நல்லாருக்கான்னு சொல்லிடுங்க"ன்னேன். மீசைய தடவிகினே, "நான் எதுக்கு? பெத்தவ நீ. நான் சொல்லி ஏதாச்சும் ஆயிடுச்சின்னா என்ன சும்மா உடுவியா?"ன்னாரு. வீரம் அவ்ளோதான்.

மூணாவது மாசம் போனோம். எப்பவும் போல பேப்பர் குடுத்தாங்க. என் கை தானாவே ஏழுக்கு மேல போயி நின்னுச்சு. போட்டுட்டேன். பேப்பர வாங்கிகினு போன சிஸ்டரம்மா, கொஞ்ச நேரம் கழிச்சு டாக்டரம்மாவோட திரும்பி வந்தாங்க. டாக்டரம்மா கையில பேப்பர் கட்டு. வராண்டா நடுவுல நின்னாங்க.

"மூணு மாசமா இத வெச்சுகிட்டு மண்டைய பிச்சுக்கறேன். எல்லா கொழந்தைக்கும் உடம்பு மோசம். ஆனா எல்லா அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் ரொம்ப ரொம்ப திருப்தி. சரியாகாத வைத்தியத்துல எப்படிங்க திருப்தி வரும்?"

நாங்க தலைய குனிஞ்சுகினோம்.

"என்னப் பாத்து பயந்துகிட்டு எழுதறீங்கன்னு நெனைக்கிறேன். ஏதோ குறை இருக்கு, சொல்லாம மறைக்கிறீங்க. சொன்னாத்தான் சரி பண்ண முடியும்."

"கொறையா? நீங்க எங்களுக்கு சாமி மாதிரிங்க"ன்னாங்க உளுந்தூர்பேட்டை அக்கா.

"சாமியெல்லாம் வேணாம்மா. ஆளுக்கு ஒரு குறை சொல்லுங்க. சொன்னாத்தான் உள்ள கூப்பிடுவேன்."

இப்படி ஒரு சோதனை எந்த ஆஸ்பத்திரியிலயும் எங்களுக்கு வந்ததில்ல. கூடிக்கூடிப் பேசினோம். அக்காதான் முதல்ல எழுந்திரிச்சாங்க. "டீ சரியில்லீங்க."

"டீ வெளிய கடையிலதானம்மா குடிக்கிறீங்க?"

"ஆமாங்க. இருந்தாலும் சரியில்ல."

அடுத்து மலைக்கார அண்ணன் துண்ட கக்கத்துல வெச்சுகினு எழுந்திரிச்சாரு. தரையப் பாத்துகினே, "கடைசியா கூப்புடுறீங்க. மலைக்குப் போற பஸ்ஸு போயிடுது. நானும் பையனும் பஸ் ஸ்டாண்டுலயே படுத்துட்டு காலைல போறோம்"னாரு. இத்தினி மாசமா பக்கத்துல உக்காந்துகினு, எனக்கே அது தெரியாது. டாக்டரம்மா சிஸ்டரம்மாவப் பாத்தாங்க. சிஸ்டரம்மா நோட்டுல எழுதிகினாங்க. அடுத்த மாசத்துல இருந்து மலையிலருந்து வர்றவங்களுக்குத்தான் முதல் நம்பர்.

என் முறை. பொய்யா ஒண்ணு சொல்லலாம்னுதான் எழுந்திரிச்சேன். வாயில உண்மை வந்துடுச்சு. "உங்க கை ஐஸ் மாதிரி சில்லுன்னு இருக்குதுங்க. தொட்டாலே புள்ள வெடுக்குனு கால இழுத்துக்குது." சொன்னதும் எனக்கே நாக்க கடிச்சுக்கலாம் போல ஆயிடுச்சு. டாக்டரம்மா அவங்க கைய அவங்களே திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இது குறை. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"ன்னு என்னையே முதல் ஆளா உள்ள கூப்பிட்டாங்க.

உள்ள போனதும் ரெண்டு உள்ளங்கையையும் பரபரன்னு தேச்சு சூடு பண்ணிட்டு எம் பொண்ணு கால தொட்டாங்க. அவ இழுத்துக்கல. மடக்கினாங்க, நீட்டினாங்க, சுத்தினாங்க. கால் எண்ணெ போட்ட கதவு மாதிரி போயிட்டு வருது.

"வலிக்குதா?"

"வலிக்குது"ன்னா எம் பொண்ணு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"எங்க வலிக்குது?"

அவ என்னப் பாத்தா. நான் செவுத்துல இருந்த காலண்டரப் பாத்தேன்.

டாக்டரம்மா பெருமூச்சு உட்டுட்டு எழுந்திரிச்சு, மேசைல உக்காந்து லெட்டர் எழுத ஆரம்பிச்சாங்க. எம் பொண்ணுக்கு புரிஞ்சுபோச்சு. சத்தமே இல்லாம கண்ணுல தண்ணி கொட்டுது. நான் தொடைக்கப் போனா மூஞ்சத் திருப்பிகினா.

டாக்டரம்மா நிமுந்து பாத்து, "ஏன்டா அழற?"ன்னாங்க.

"மெட்ராஸுக்கு எழுதறீங்களா?"

"வலிக்குதுன்னு சொல்ற இல்ல? வலி போகணும் இல்ல?"

அவ பொறங்கையால மூஞ்சத் தொடச்சுகினா. அப்பால சின்ன கொரல்ல, "நல்லாருக்குன்னு சொன்னா நோவு திரும்பி வந்துடும் டாக்டரம்மா. எங்கம்மா ஒருவாட்டி சொன்னாங்க. வந்துடுச்சு"ன்னா.

எனக்கு யாரோ பொடனில அடிச்ச மாதிரி இருந்துச்சு. எட்டு வயசுப் புள்ள. வலி இல்லாத கால வெச்சுகினு, அது யாருக்கும் தெரிஞ்சுடக்கூடாதுன்னு பொத்திப் பொத்தி வெச்சிருக்குது. மெட்ராஸுக்குப் போக அவ்ளோ பயம். அந்த பயத்துலயும் வாயத் தொறக்கல. நான் சொல்லிக் குடுத்தத அப்படியே புடிச்சுகினு நிக்குது.

"பொய்யிங்க. நான் போட்டது எல்லாம் பொய்யி. அவ நல்லாருக்கா"ன்னேன். "மூணு மாசமா ஓடுறா, மரம் ஏறுறா. காலைல புடிக்கிறதெல்லாம் அஞ்சு நிமிஷந்தாங்க. கண்ணு பட்டுடும்னு பயந்து மாத்தி மாத்தி போட்டேன்."

டாக்டரம்மா பேனாவ வெச்சாங்க. சிரிப்பாங்கன்னு பாத்தேன். சிரிக்கல. "உங்க கோட்ட நம்பி ரெண்டு தடவ மாத்திரைய ஏத்தியிருக்கேன்மா. அந்த வாந்தியெல்லாம் எதுக்குன்னு நெனைக்கிறீங்க?" அவ்வளவுதான் கேட்டாங்க. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். எத்தினி வியாழக்கெழம அவ தலைய நான் புடிச்சிருக்கேன். அத்தினியும் நான் செஞ்சது. அங்கயே உக்காந்து அழுதுட்டேன். எம் பொண்ணு, தான் ஏதோ மாட்டி உட்டுட்டோம்னு பயந்து, "இல்ல டாக்டரம்மா, வலிக்குது, கொஞ்சம் வலிக்குது"ன்னு என்ன காப்பாத்தப் பாக்குறா.

டாக்டரம்மா லெட்டர கிழிச்சுப் போட்டாங்க. புது பேப்பர் ஒண்ண எடுத்து என் முன்ன வெச்சாங்க. "இப்ப போடுங்க. இது என் பைல்ல மட்டும்தான் இருக்கும். நான் யாருகிட்டயும் காட்ட மாட்டேன்."

நான் மூக்க சிந்திட்டு, ஒண்ணுல போட்டேன்.

"பூஜ்ஜியம்தானே? ஒண்ணு எதுக்கு?"

"இருக்கட்டுங்க. ஒரு திருஷ்டிப் பொட்டு மாதிரி."

அப்பத்தான் சிரிச்சாங்க. மாத்திரைய பழைய அளவுக்கே எறக்கிட்டாங்க.

நான் வெளிய வந்து அக்காகிட்டயும் அண்ணன்கிட்டயும் நடந்தத சொன்னேன். எனக்குத்தான் வாய் ஜாஸ்தியாச்சே. அன்னிக்கி எல்லா பேப்பரையும் திரும்ப போட்டாங்க. ஒவ்வொருத்தரும் புள்ளைய வெளிய உக்கார வெச்சுட்டு, கதவ சாத்திகினு, ஏதோ திருடினத ஒத்துக்கிற மாதிரி டாக்டரம்மா காதுல போயி நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்தாங்க. அக்கா பொண்ணுக்கு நெஜமாவே மணிக்கட்டுல வீக்கம் இருந்துச்சு. அதுக்கு நல்ல வேளையா தனியா வைத்தியம் பாத்தாங்க. எங்க கூட்டுப் பொய்யில அந்த ஒரு உண்மை இத்தினி நாளா மாட்டிகினு கெடந்துருக்குது. மலைக்கார அண்ணன் கடைசில வந்து, "நானும் சொல்லிட்டேன்"னு சொல்லிட்டு, பையன் தலையில கைய வெச்சு மூடிகினே பஸ்ஸுக்குப் போனாரு.

திருப்தியா இல்லையான்னு அந்த ரெண்டாவது பேப்பர் இப்பவும் குடுக்குறாங்க. இப்பல்லாம் யோசிச்சுத்தான் போடறேன். காக்க வெக்கிறாங்களான்னு கேட்டா, ஆமா, வெக்கிறாங்க. காது குடுத்துக் கேக்குறாங்களான்னா, அதுக்கு மட்டும் ரொம்ப திருப்தியில பேனாவ அழுத்திப் போடுவேன்.

அந்த மாசத்துல இருந்து என் பொண்ண நான் தடுக்கல. டாக்டரம்மா அவகிட்ட, "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு, வலிக்கலன்னா வலிக்கலன்னு சொல்லு"ன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. உடுவாளா? இஸ்கூல்ல மிஸ்ஸு கேட்டா நல்லாருக்கேன். பால் ஊத்த வர்றவரு கேட்டா நல்லாருக்கேன். கேக்காதவங்ககிட்டயும் நல்லாருக்கேன். ஒவ்வொருவாட்டியும் என் கை உப்பு மொளகா டப்பாவத் தேடும். பல்ல கடிச்சுகினு சும்மா இருந்தேன்.

மார்கழி பனியில ஒருநாளு காலைல அவ எழுந்திரிக்கல. போர்வைய எடுத்துப் பாத்தேன். வலது முட்டி லேசா உப்பியிருந்துச்சு. அவ முழிச்சுகினுதான் படுத்திருந்தா. எவ்ளோ நேரமா முழிச்சிருந்தாளோ தெரியல.

"ம்மா, நான் எல்லாருகிட்டயும் சொன்னதாலயா?"

எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. யாருகிட்டடி சொன்ன, எத்தினி பேரு இருந்தாங்க, யாரு பாத்தாங்கன்னு வரிசையா வந்துச்சு. எல்லாத்தையும் முழுங்கினேன். "இல்லடி. அது ஏறி எறங்குற நோவு. சொன்னாலும் வரும், சொல்லாட்டியும் வரும். பனிக்கு வந்துருக்கும். நாளைக்கு டாக்டரம்மா வர்ற நாளுதான், போயி காட்டலாம்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

கூரையப் பாத்துகினு யோசிச்சா. "அப்ப அன்னிக்கி காதுகுத்துல நீ சொன்னியே. அதனாலயும் வரலியா?"

அத நான் என்னையே ஒருநாளும் கேட்டதில்ல. வாயில அடிச்சுகினதோட சரி. முதல்ல தலையத்தான் ஆட்ட முடிஞ்சுது. அப்பறம், "இல்லடி, அதனாலயும் இல்ல"ன்னேன்.

"நான் உன்னாலதான்னு நெனச்சு, இத்தினி நாளு உன் மேல கோவமா இருந்தேம்மா"ன்னா. சொல்லிட்டு, வீங்கின கால எடுத்து என் மடியில வெச்சுட்டு திரும்பவும் கண்ண மூடிகினா. நான் தண்ணி சுட வெக்கணும், இஸ்கூலுக்கு லீவு சொல்லணும். கொஞ்ச நேரம் எதுக்கும் எழுந்திரிக்காம அப்படியே உக்காந்திருந்தேன்.